வீட்டுக்கே போய்க் குடும்பத்துக்கு ஆங்கிலம் சொல்லித்தருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்குப் போய் ஒரு குடும்பத்துக்கே பேச்சு ஆங்கிலம் கற்றுத்தரும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே போட்டிருக்கிறோம். தமிழ்நாட்டில் தமிழ் பேசும் வீடுகளை மனத்தில் வைத்து எழுதியது.

ஸ்கூல் டியூஷன் எடுத்துப் பழக்கம் இருக்கு. குடும்பத்துக்கே இங்கிலீஷ்னா அதுல என்ன வித்தியாசம்?

டியூஷனில் எதை, எப்போது நடத்துவது என்பதைப் பாடப்புத்தகமும் தேர்வுத் தேதியும் முடிவு செய்துவிடும். குடும்பத்தில் அப்படி எதுவும் கிடையாது. அம்மாவுக்குப் பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் நாலு வார்த்தை பேச வேண்டும். அப்பாவுக்கு வெளிமாநில வியாபாரியிடம் போனில் சரக்குக் கேட்க வேண்டும். பாட்டிக்கு அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்வர வேண்டும். பையனுக்கு வகுப்பில் எழுந்து பதில் சொல்ல வேண்டும். நாலு பேருக்கும் ஒரே ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து நடத்தினால் மூன்றாவது வாரமே ஆர்வம் போய்விடும்.

இன்னொன்று. வாரத்துக்கு மூன்று வகுப்பு எடுத்தாலும் நீங்கள் அந்த வீட்டில் இருப்பது நாலு மணி நேரத்துக்கும் குறைவு. நீங்கள் கிளம்பிய பிறகு அந்த வீட்டுக்குள் ஆங்கிலம் கொஞ்சமாவது புழங்கினால்தான் பலன் கிடைக்கும். ஆகவே உங்கள் வேலையில் பாதி பாடம் நடத்துவது, மீதி பாதி அந்தப் புழக்கத்துக்கு ஏற்பாடு செய்வது.

முதல் நாள் டெஸ்ட் வைக்கணுமா?

வேண்டாம். எழுத்துத் தேர்வு என்றதும் படிப்பை விட்டு இருபது வருஷம் ஆனவர்கள் பின்வாங்கிவிடுவார்கள். ஒவ்வொருவரிடமும் தனியாக ஐந்து முதல் ஏழு நிமிடம் பேசுங்கள். மற்றவர்கள் அந்த நேரத்தில் வேறு அறையில் இருக்கட்டும். மூன்று விஷயங்களைப் பாருங்கள். சொன்னது புரிகிறதா: ‘ப்ளீஸ் புட் தி பென் அண்டர் தி புக்’ என்று சொல்லிவிட்டு, கை எங்கே போகிறது என்று கவனியுங்கள். படிக்க வருகிறதா: மாத்திரை அட்டை, பள்ளிச் சுற்றறிக்கை, பேங்க் எஸ்எம்எஸ் இவற்றில் ஒன்றைக் காட்டுங்கள். பேச வருகிறதா: பெயர், வேலை, நேற்று என்ன செய்தார் என்று கேளுங்கள்.

பிறகு ஒரு நோட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, ‘எங்கே, யாரிடம், என்ன பேச வேண்டும்’ என்று மூன்று வரி எழுதுங்கள். ‘சரளமா பேசணும்’ என்று சொன்னால் அதை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். கடைசியாக எந்த இடத்தில் பேச முடியாமல் நின்றீர்கள் என்று கேளுங்கள். அப்போதுதான் உண்மையான தேவை வெளியே வரும்.

எல்லாரையும் ஒண்ணா உட்கார வச்சுச் சொல்லித்தரலாமா, இல்ல தனித்தனியாவா?

இரண்டும் வேண்டும். 75 நிமிட வகுப்பில் முதல் 20 நிமிடம் எல்லோரும் சேர்ந்து. அடுத்த 45 நிமிடத்தை மூன்றாகப் பிரித்துத் தனித்தனியாக. கடைசி 10 நிமிடம் மறுபடி எல்லோரும். நாலு பேர் என்றால் பாட்டியையும் பேத்தியையும் ஒரு ஜோடியாக்கலாம். அப்பா–மகன் ஜோடி பெரும்பாலும் சரிப்படாது. ஏனென்று கீழே வரும்.

சேர்ந்திருக்கும் 20 நிமிடத்துக்கு வீட்டில் இருக்கும் ஒரே ஒரு பொருள் போதும். மாத்திரை அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி அதில் காலாவதித் தேதியைக் கண்டுபிடித்து மாதத்தையும் வருஷத்தையும் ஆங்கிலத்தில் சொல்கிறார். அம்மா ‘கீப் அவுட் ஆஃப் ரீச் ஆஃப் சில்ட்ரன்’ என்ற வரியைப் படித்து அர்த்தம் சொல்கிறார். பையன் ‘ஹவ் மெனி டைம்ஸ் எ டே?’, ‘பிஃபோர் ஃபுட் ஆர் ஆஃப்டர் ஃபுட்?’ என்று கேட்க, மற்றவர்கள் பதில் சொல்கிறார்கள். அப்பா மெடிக்கல் ஷாப்புக்குப் போன் செய்வதுபோல் ‘டூ யு ஹேவ் திஸ் டேப்லெட்?’ என்று ஆரம்பிக்கிறார். பொருள் ஒன்றுதான், வேலை நாலு. யாருக்கும் தன் பங்கு கடினமாகவோ சிறுபிள்ளைத்தனமாகவோ தெரியாது. அடுத்த வகுப்புக்குக் கரண்ட் பில், அதற்கடுத்து ரயில் டிக்கெட், குக்கரோடு வந்த கையேடு என்று போய்க்கொண்டே இருக்கலாம்.

கிளாஸ்ல தமிழே பேசக்கூடாதுன்னு சொல்றாங்களே?

விளக்கம் தமிழில், பயிற்சி ஆங்கிலத்தில். ஒரு நிமிடத்தில் தமிழில் புரியவைக்கக்கூடியதைப் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் சுற்றிச் சொல்வதில் நேரம்தான் போகும். ஆனால் ‘உட்காருங்க, நோட்டை எடுங்க, இன்னொரு தடவை சொல்லுங்க’ மாதிரி தினமும் வரும் இருபது முப்பது வாக்கியங்களை முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில் மட்டும் சொல்லுங்கள். இரண்டாவது வாரத்தில் அவை யாருக்கும் மொழிபெயர்க்காமலே புரியும்.

இலக்கணத்துல இருந்து ஆரம்பிக்கணுமா?

காலங்களின் அட்டவணையை மனப்பாடம் செய்ய வைத்து ஆரம்பிக்க வேண்டாம். ‘ஐ நீட்…’, ‘கேன் ஐ…?’, ‘குட் யு ப்ளீஸ்…?’, ‘வேர் இஸ் தி…?’ இந்த நாலு தொடக்கங்களில் சொற்களை மாற்றி மாற்றிப் போட்டே முதல் மாதம் ஓடிவிடும். அதற்குப் பிறகு வரிசையைக் காட்டுங்கள். தமிழில் வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை ஒட்டியே வந்துவிடும். ‘நான் நேத்து கடையில அரிசி வாங்கினேன்’ என்பதன் ஆங்கிலச் சொற்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, மேஜைமேல் கலைத்துப்போட்டு அடுக்கச் சொல்லுங்கள். கை நகர்த்திப் பழகினால் வாயும் பழகும்.

தமிழர்களுக்கு உண்மையில் கஷ்டமான இடம் கேள்வி கேட்பது. நமக்கு வாக்கியத்தின் கடைசியில் ஒரு ‘ஆ’ சேர்த்தால் கேள்வி வந்துவிடும்: வாங்கினீங்களா, போனீங்களா. ஆங்கிலத்தில் ‘டிட்’ முன்னால் வர வேண்டும். அது வந்ததும் வினைச்சொல் இறந்தகால வடிவத்தை விட்டுவிட வேண்டும். இது பழகாததால்தான் ‘டிட் யு வென்ட்?’ என்று வருகிறது. இதற்கு மட்டும் இரண்டு முழு வாரம் ஒதுக்குங்கள். ‘எ’, ‘தி’ போடுவது தமிழில் இல்லாத விஷயம், வர நாளாகும். முதல் மூன்று மாதம் அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

அம்மாவுக்கு ஏ பி சி டி-யே தெரியாது. தமிழ் எழுத்துல எழுதிக் கொடுக்கலாமா?

முதல் மாதம் கொடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். தமிழில் ‘ப’ என்ற ஒரே எழுத்துக்கு இரண்டு ஒலி. க, ச, ட, த எல்லாமே அப்படித்தான். குண்டூசியும் ‘பின்’, குப்பைத்தொட்டியும் ‘பின்’. ‘வந்தான்’ என்பதற்கான ‘கேம்’, விளையாட்டைக் குறிக்கும் ‘கேம்’ இரண்டும் எழுத்தில் ஒன்று. அழுத்திச் சொல்ல வேண்டிய ஒலிக்குக் கீழே ஒரு கோடு போட்டுப் பழக்குங்கள். கோடு இருந்தால் தொட்டி, இல்லாவிட்டால் ஊசி.

அதே நேரத்தில் எழுத்துகளையும் தொடங்கிவிடுங்கள். சின்ன எழுத்து முதலில், பெரிய எழுத்து பிறகு. நாம் படிப்பதில் பெரும்பகுதி சின்ன எழுத்துதான். ஆனால் பஸ் பலகை, கடைப் பெயர், படிவங்கள் பெரிய எழுத்தில் இருக்கும் என்பதால் ஆறாவது வாரத்தில் அதையும் கொண்டுவாருங்கள். அகர வரிசையில் போக வேண்டியதில்லை. அவர் பெயரில் வரும் எழுத்துகள், பிள்ளைகள் பெயரில் வருபவை, ஊர்ப் பெயர் என்று போனால் மூன்று வாரத்தில் பாதிக்கு மேல் முடிந்துவிடும். பி (b), டி (d), பி (p), க்யூ (q) என்ற நாலு சின்ன எழுத்தும் ஒரே உருவத்தைத் திருப்பிப்போட்டவை. ஒரே நாளில் நாலையும் கற்றுத்தந்தால் பல மாதம் குழப்பம் தீராது. ஒன்று ஊன்றிய பிறகு அடுத்தது.

‘இஸ்கூல்’, ‘பஸ்ஸு’, ‘புக்கு’ன்னுதான் வருது. எப்படி மாத்துறது?

கடைசியில் ஒட்டும் ‘உ’ தமிழின் இயல்பு. நம் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை, அதனால் நாக்கு தானாகவே ஒரு உயிரைச் சேர்த்துக்கொள்கிறது. ‘உ சேர்க்காதீங்க’ என்று சொல்லிப் பயனில்லை. அடுத்த சொல்லை உயிரெழுத்தில் தொடங்கவைத்து இணைக்கச் சொல்லுங்கள்: ‘தி புக்கிஸ் ஆன் தி டேபிள்’, ‘தி பஸ்ஸிஸ் லேட்’. உ ஒட்ட இடம் இருக்காது. ‘இஸ்கூல்’ சொல்பவரிடம் ‘ஸ்ஸ்ஸ்’ என்று இரண்டு விநாடி இழுத்து, மூச்சை விடாமல் ‘கூல்’ சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் இழுவை தானாகக் குறையும்.

‘ஃபேன்’ என்பது ‘பேன்’ ஆகிவிட்டால் கீழுதட்டில் மேல்பல் படுகிறதா என்று கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கு மேல் உச்சரிப்பைத் துரத்த வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. தமிழ் மணக்கும் ஆங்கிலம் குறையே அல்ல. கேட்பவருக்கு அர்த்தம் மாறிப்போகும் இடத்தை மட்டும் திருத்தினால் போதும்.

பையன் கான்வென்ட்ல படிக்கிறான். அம்மா பேசினா சிரிக்கிறான், திருத்துறான். அவங்க வாயே திறக்க மாட்டேங்கிறாங்க.

குடும்ப வகுப்புகள் நின்றுபோவதற்கு நாங்கள் பார்த்தவரை இதுதான் முதல் காரணம். அப்பா–மகன் ஜோடி வேண்டாம் என்று சொன்னதும் இதற்காகத்தான். வீட்டில் எல்லா விஷயத்திலும் பெரியவராக இருப்பவர் ஆங்கிலத்தில் மட்டும் தன் பிள்ளையிடம் தலைகுனிய வேண்டியிருக்கிறது. அது சின்ன வலி இல்லை. முதல் வகுப்பிலேயே எல்லோர் முன்னாலும் ஒரு விதி சொல்லிவிடுங்கள்: திருத்துவது ஆசிரியர் மட்டும். பையனுக்குத் திருத்தும் வேலைக்குப் பதிலாகக் கேள்வி கேட்கும் வேலையைக் கொடுங்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் அவன் தவறு தேடத்தான் செய்வான்.

அடுத்தது, அம்மா கெட்டிக்காரராக இருக்கும் விஷயத்துக்குப் பாடத்தைக் கொண்டுபோங்கள். இட்லி மாவு நல்ல பாடம். ‘டேக் ஃபோர் கப்ஸ் ஆஃப் ரைஸ் அண்ட் ஒன் கப் ஆஃப் உரத் டால். வாஷ் தெம். சோக் தெம் செப்பரேட்லி ஃபார் ஃபோர் அவர்ஸ். க்ரைண்ட் தி டால் ஃபர்ஸ்ட்.’ இவற்றை அவருடைய தனி நேரத்தில் பழக்குங்கள். பிறகு சமையலறையில் அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, பையன் அதன்படி செய்ய வேண்டும். உளுந்துக்கு எவ்வளவு தண்ணீர் என்று தெரியாமல் அவன் ‘ஹவ் மச் வாட்டர், அம்மா?’ என்று கேட்டே ஆக வேண்டும். தெரிந்தவர் அம்மா, கேட்பவன் மகன். இந்த நிலை ஒரு தடவை வந்துவிட்டால் அவர் அடுத்த வகுப்பில் தயங்காமல் பேசுவார். எல்லாமே ஏவல் வாக்கியங்கள் என்பதால் ஒருமை, பன்மை, காலம் எதுவும் குறுக்கே வராது என்பது கூடுதல் வசதி.

அப்பா கடையை மூடிட்டு வர ராத்திரி ஒன்பதரை ஆயிடுது. அவருக்கு எப்ப நடத்துறது?

அவரை வகுப்பு நேரத்துக்கு இழுக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் தினமும் 30 விநாடி வாய்ஸ் மெசேஜ் ஒன்று போதும். நீங்கள் ஒரு கேள்வி அனுப்புங்கள், கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அவர் பதில் அனுப்பட்டும். கேள்விகள் அவர் தொழிலிலிருந்தே வர வேண்டும்: ஸ்டாக் எப்போது வரும், ரேட் ஏன் கூடியது, உடைந்த பெட்டியை யார் மாற்றித் தருவது. வாரம் ஒரு முறை பத்து நிமிடம் போனில் பேசுங்கள். நேரில் பேசுவதைவிடப் போனில் பேசுவது கடினம். முகமும் கையும் உதவாது. அவருக்குத் தேவையும் போன்தானே.

தப்பு பேசினா உடனே திருத்தணுமா?

வாக்கியம் முடியும்வரை காத்திருங்கள். பிறகு சரியான வடிவத்தை இயல்பாகத் திருப்பிச் சொல்லுங்கள். அவர் ‘ஐ யாம் ஹேவிங் டூ சில்ட்ரன்’ என்றால் நீங்கள் ‘ஓ, யு ஹேவ் டூ சில்ட்ரன்’ என்று சொல்லி, அவரை ஒரு தடவை சொல்ல வையுங்கள். ஒரு வாரத்துக்கு ஒருவருக்கு இரண்டு தவறு மட்டும் குறிவையுங்கள். மற்றவை காதில் விழாத மாதிரி இருங்கள்.

எதை முதலில் எடுப்பது? அர்த்தத்தைக் கெடுப்பதை. ‘கேன்’, ‘கான்ட்’ ஒரே மாதிரி ஒலித்தால் வியாபாரமே மாறிவிடும். எண்களில் தர்ட்டீன்–தர்ட்டி, ஃபிஃப்டீன்–ஃபிஃப்டி குழப்பம் அப்படித்தான். டீன் வருவதில் கடைசிப் பகுதியை நீட்டியும், டி வருவதில் முதல் பகுதியை அழுத்தியும் சொல்லப் பழக்குங்கள். அதன்பின் ‘ஹீ டோன்ட்’, ‘டிஸ்கஸ் அபௌட்’ வகை. ‘ப்ரீபோன்’ மாதிரி இந்திய ஆங்கிலத்தில் நிலைபெற்ற சொற்களைத் தவறு என்று சொல்லாதீர்கள்.

வீட்டுப்பாடம் கொடுத்தா யாரும் செய்றதில்ல.

எழுதிவரச் சொல்லியிருப்பீர்கள். பெரியவர்களுக்கு அதற்கு நேரம் இல்லை. ஏற்கெனவே செய்யும் வேலையோடு ஒட்டிக் கொடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் முதல் ஐந்து நிமிடம் ஆங்கிலம். ‘குட் யு பாஸ் தி சாம்பார்?’ என்று கேட்டால்தான் சாம்பார் வரும். மளிகைப் பட்டியல் ஆங்கிலத்தில். கதவைத் திறக்கும்போது ஒரு வாக்கியம்.

சொற்களை வாரத்துக்குப் பத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று திரும்பக் கேளுங்கள். அந்த இடைவெளியில்தான் நினைவில் தங்கும். அபூர்வச் சொற்களுக்குப் போக வேண்டாம். வங்காளத்தில் ஆங்கிலம் கற்பித்த மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் இருப்பது சுமார் 2000 சொற்கள்தான். அன்றாடப் பேச்சுக்கு அந்த அளவே தாராளம்.

அப்படியே பிள்ளைங்க ஸ்கூல் பாடத்தையும் பார்த்துக்கோங்கன்னு கேட்கிறாங்க.

ஒப்புக்கொண்டால் தனி நாள், தனிக் கட்டணம். இல்லாவிட்டால் மாதத் தேர்வு வந்ததும் பெரியவர்களின் நேரம் முழுக்கப் பிள்ளையின் கேள்வி–பதிலுக்குப் போய்விடும்.

தாத்தா பாட்டி அமெரிக்கா போறாங்க, ரெண்டு மாசம்தான் இருக்கு. என்ன சொல்லித்தர?

பேச்சு ஆங்கிலம் முழுவதையும் விட்டுவிட்டு, விமானப் பயணத்தை மட்டும் எடுங்கள். குடிநுழைவு அதிகாரி கேட்பவை பெரும்பாலும் சில கேள்விகள்தான்: எதற்கு வருகிறீர்கள், எவ்வளவு நாள், எங்கே தங்குவீர்கள், யாருடன், என்ன கொண்டுவந்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் உண்மையான, சுருக்கமான பதில்: ‘டு விசிட் மை டாட்டர்’, ‘த்ரீ மன்த்ஸ்’. அதே கேள்வியை நாலு விதமாக, வேகமாக, வேறு வேறு குரலில் கேட்டுப் பழக்குங்கள். பேத்தியை அதிகாரியாக உட்கார வைத்தால் இருவருக்கும் பயிற்சி.

‘சாரி, ப்ளீஸ் சே இட் ஸ்லோலி’ என்ற ஒரு வாக்கியம் தூக்கத்தில் எழுப்பினாலும் வர வேண்டும். புரியாமல் ‘எஸ், எஸ்’ என்று தலையாட்டுவதுதான் சிக்கலில் கொண்டுபோய் விடும். மகள் வீட்டு முகவரியையும் போன் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வைக்கச் சொல்லுங்கள்.

எத்தனை மாசத்துல பேசிடுவாங்கன்னு கேட்டா என்ன சொல்றது?

கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஐரோப்பிய மொழித்தர அளவீட்டில் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள். அன்றாடத் தேவைக்குப் பேசும் ஏ2 படிக்குத் தொடக்கத்திலிருந்து 180 முதல் 200 மணி நேரம், ஓரளவு சுதந்திரமாகப் பேசும் பி1 படிக்கு 350 முதல் 400 மணி நேரம் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு சொல்லும் தோராயக் கணக்கு. வாரம் மூன்று வகுப்பு, 75 நிமிடம் என்றால் மாதத்துக்குச் சுமார் 16 மணி நேரம்; ஏ2-க்கே ஒரு வருஷம். அதுவும் முழு நேரமும் ஒருவருக்கே கிடைத்தால். சாப்பாட்டு மேஜை ஐந்து நிமிடமும் வாய்ஸ் மெசேஜும் ஏன் முக்கியம் என்று இப்போது அவர்களுக்கே புரியும்.

மூன்று மாதத்தில் சரளம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். முதல் நாள் நோட்டில் எழுதிய மூன்று வரியில் ஒன்றையாவது மூன்று மாதத்தில் செய்யவைக்கிறேன் என்று சொல்லுங்கள். அது நடக்கும்.

ஃபீஸ் தலைக்கு இவ்வளவுன்னு வாங்கலாமா?

மணிக் கணக்கில் வாங்குங்கள். தலைக்கு என்றால் பாட்டியை விட்டுவிடுவார்கள், பிறகு பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பார். போய்வரும் நேரத்தில் பாதியையாவது கணக்கில் சேருங்கள். அவர்கள் வகுப்பை ரத்து செய்தால் எத்தனை மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும், நீங்கள் வராவிட்டால் எப்போது ஈடுகட்டுவீர்கள், இரண்டையும் முதல் மாதமே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

போனா டிவி ஓடுது, விருந்தாளி வர்றாங்க, டிபன் வைக்கிறாங்க. என்ன பண்றது?

டிபனை மறுத்து மனம் நோகச் செய்ய வேண்டாம். கடைசிப் பத்து நிமிடத்துக்கு மாற்றச் சொல்லி, அதையே சேர்ந்து பேசும் நேரமாக்கிக்கொள்ளுங்கள். டிவி இருக்கும் ஹாலைவிடச் சாப்பாட்டு மேஜை நல்லது. விருந்தாளி வந்தால் அன்றைய தனி நேரத்தை மட்டும் விட்டுவிட்டு 20 நிமிடத்தில் முடித்துக் கிளம்புங்கள். பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக உட்காராதீர்கள். பெரியவர் ஒருவர் வீட்டில் இல்லையென்றால் வகுப்பு இல்லை. இது அவர்களுக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

ஆறு மாசம் ஆச்சு. எல்லாம் புரியுது, எங்ககிட்டயும் நல்லா பேசுறாங்க. வெளியில மட்டும் வாய் வரல.

உங்கள் குரலுக்கும் வேகத்துக்கும் பழகிவிட்டார்கள். இனி அறிமுகமில்லாத குரல் வேண்டும். படிப்படியாகப் போங்கள். முதலில் பேங்க், கேஸ், கூரியர் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்து ஒரே ஒரு விவரம் கேட்பது. கேட்க வேண்டியதை முன்கூட்டியே இரண்டு வரியில் எழுதிக்கொள்ளலாம். முழு உரையாடலையும் எழுதக்கூடாது, எழுதினால் படிக்கத்தான் செய்வார்கள். அது பழகியதும் நீங்கள் சொல்லித்தரும் வேறொரு வீட்டாரோடு, இரு தரப்பும் சம்மதித்தால், வாரம் ஒரு போன் உரையாடல் ஏற்பாடு செய்யுங்கள். ஒரே நிலையில் இருக்கும் இரண்டு அம்மாக்கள் பேசும்போது யாருக்கும் கூச்சம் இருக்காது. தலைப்பைக் கொடுங்கள்: ஒருவர் வீட்டு மீன்குழம்பு எப்படி என்று மற்றவர் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும், அடுத்த வகுப்பில் அந்தக் குறிப்பை உங்களிடம் சொல்ல வேண்டும். முதல் அழைப்புக்கு ஐந்து நிமிடம் போதும். அப்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.